கன்சோலில் முழு டெஸ்க்டாப்: வேண்டும், ஆனால் தனிக் கதவோடு

கேள்வி இதுதான்: டிவிக்குக் கீழே இருக்கும் கேம் கன்சோலில் எட்டு கோர் ப்ராசஸரும் 16 ஜிபி மெமரியும் வேகமான எஸ்எஸ்டியும் இருக்கின்றன. பல வீடுகளில் மேசைமேல் இருக்கும் லேப்டாப்பைவிட அது வலுவானது. அப்படியிருக்க, விண்டோஸ், லினக்ஸ் போன்ற ஒரு முழு டெஸ்க்டாப்பையும் அதிலேயே கொடுத்தால் என்ன? விளையாடாத நேரத்தில் எழுதவும் கணக்குப் பார்க்கவும் நிரல் எழுதவும் அதையே பயன்படுத்தலாமே?

என் பதில்: கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கேமும் டெஸ்க்டாப்பும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் குடியிருக்கக் கூடாது. ஒன்றைச் சாத்திவிட்டு மற்றொன்றைத் திறக்கும்படி இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஒருமுறை கொடுத்ததை அப்டேட் என்ற பெயரில் திரும்பப் பிடுங்க முடியாதபடி இருக்க வேண்டும். இந்த உறுதியைத் தர முடியாத நிறுவனம் டெஸ்க்டாப்பைக் கொடுக்காமலே இருப்பது மேல் என்றுகூடச் சொல்வேன். அதற்கான காரணம் பிளேஸ்டேஷன் 3-இன் கதையில் இருக்கிறது.

கன்சோல் சிப்பில் டெஸ்க்டாப் ஓடுமா என்ற சந்தேகம் சிலருக்கு இருக்கும். அதை முதலிலேயே தீர்த்துவிடலாம். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டின் இயங்குதளமும் ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் குடும்ப இயங்குதளத்திலிருந்து கிளைத்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் 2015 நவம்பர் அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10-ஐ அடித்தளமாகக் கொண்டது. சிப்புகளும் கணினிச் சிப்புகளின் உறவுக்காரர்கள்தான். 2021-இல் சிப் நிறுவனமான ஏஎம்டி, 4700எஸ் என்ற பெயரில் ஒரு டெஸ்க்டாப் போர்டை விற்பனைக்கு விட்டது. ஏஎம்டியின் ஜென் 2 வகைக் கோர்கள் எட்டு, போர்டிலேயே பற்றவைத்த ஜிடிடிஆர்6 மெமரி. கிராபிக்ஸ் பகுதி அணைக்கப்பட்டிருந்தது. ஏஎம்டி வாய் திறந்து சொல்லாவிட்டாலும், பிளேஸ்டேஷன் 5-க்காக வார்த்த சிப்புதான் இது என்று பிரித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதில் விண்டோஸ் இயல்பாக ஓடியது. கிரிப்டோ சுரங்க வேலைக்காக வந்த பிசி-250 (BC-250) என்ற ஆஸ்ராக் போர்டும் அதே வம்சம்தான்: ஆறு கோர், 16 ஜிபி மெமரி, கிராபிக்ஸ் பகுதியும் உயிரோடு. அதைப் பழைய சந்தையில் வாங்கி, லினக்ஸ் ஏற்றி, கேம் ஆடுகிறவர்கள் ஏராளம். ஜிடிடிஆர்6 மெமரி கிராபிக்ஸுக்காகப் பிறந்தது. மூட்டை மூட்டையாகத் தகவலைக் கொண்டுவந்து கொட்டும். துணுக்குத் துணுக்காகக் கேட்டால் கொஞ்சம் தாமதிக்கும். எழுத்து வேலையிலும் இணையத்திலும் அந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியாது.

ஆக, முடியுமா என்பதில் பிரச்சினை இல்லை. இதற்கு முன் செய்து பார்த்தபோது என்ன ஆனது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கன்சோலைக் கணினியாக்கும் ஆசை பழையது. நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் விட்ட கன்சோலின் பெயரே ஃபேமிலி கம்ப்யூட்டர். மறு ஆண்டே அதற்குக் கீபோர்டும் பேசிக் என்ற நிரல் மொழியும் வந்தன. ஆனால் முழு டெஸ்க்டாப் என்று சொல்லும்படி முதலில் வந்தது, 2002-இல் சோனி 199 டாலருக்கு விற்ற பிளேஸ்டேஷன் 2 லினக்ஸ் கிட். 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் அடாப்டர், கீபோர்டு, மவுஸ், மானிட்டர் கேபிள், டிவிடிகள் எல்லாம் ஒரே பெட்டியில். கன்சோலில் இருந்த மெமரி மொத்தமே 32 எம்பி. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் முதல் டிவிடி டிரைவில் இருந்தாக வேண்டும். கையில் கிடைத்த மானிட்டரை எல்லாம் மாட்டவும் முடியாது. திரையின் ஒத்திசைவுத் துடிப்பைப் பச்சை நிற சிக்னலோடு சேர்த்து அனுப்பும் கேபிள் அது. அதைப் பிரித்தறியத் தெரிந்த மானிட்டர்தான் படம் காட்டும். இவ்வளவு இடைஞ்சல் இருந்தும் அந்த கிட்டை நான் மிகவும் மதிக்கிறேன். கிராபிக்ஸ் சிப்பையும், முப்பரிமாணக் கணக்குகளைப் போடும் வெக்டர் யூனிட்டுகளையும் வாங்கியவரே தொட்டு நிரல் எழுத முடிந்தது. அவற்றின் தொழில்நுட்பக் கையேடுகளை டிஸ்கிலேயே வைத்துக் கொடுத்தார்கள். காசு கொடுத்தவரைப் பயில வந்தவராக நடத்திய பொருள் அது.

அடுத்து பிளேஸ்டேஷன் 3. 2006 நவம்பரில் வெளிவந்தது. இது கேம் பெட்டி மட்டுமில்லை, கணினி என்றே அதன் சிற்பி கென் குடராகி சொல்லிவந்தார். செட்டிங்ஸ் மெனுவுக்குள் வேறு இயங்குதளத்தை நிறுவுவதற்கென்றே ஒரு வரி இருந்தது. ஹார்ட் டிஸ்கைப் பிரிக்கும்போது அது கேட்ட கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது: வேறு இயங்குதளத்துக்கு 10 ஜிபி ஒதுக்கவா, அல்லது பிளேஸ்டேஷனுக்கு 10 ஜிபி வைத்துக்கொண்டு மீதியை மற்றதற்குக் கொடுக்கவா? இரண்டே தேர்வுகள், இடைப்பட்டது கிடையாது. யெல்லோ டாக் லினக்ஸை ஏற்றி டெஸ்க்டாப்பைப் பார்த்த அன்று எனக்கு இருந்த பூரிப்பு கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் ஒரு ஜன்னலை மவுஸால் பிடித்து இழுத்தால் அது திரையில் இழைந்து இழைந்து நகரும். காரணம், லினக்ஸுக்கும் வன்பொருளுக்கும் நடுவே ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் காவலுக்கு நின்றது. அது கிராபிக்ஸ் சிப்பை லினக்ஸின் கண்ணில் காட்டவே இல்லை. திரைக்கு வரும் ஒவ்வொரு புள்ளியையும் ப்ராசஸரே வரைய வேண்டும். மெமரியும் 256 எம்பிதான்.

செல் என்ற அதன் ப்ராசஸர் மட்டும் கைக்குக் கிடைத்தது. அதன் எட்டுத் துணைக் கோர்களில் ஒன்று அணைக்கப்பட்டது, ஒன்று சோனியின் இயங்குதளத்துக்கு. மீதி ஆறும் லினக்ஸுக்கு. அந்த ஆறை வைத்து மனிதர்கள் செய்த வேலைகள் பிரமிப்பானவை. கருந்துளைகளை ஆராயும் கௌரவ் கன்னா 2007-இல் மாசசூசெட்ஸ் டார்ட்மவுத் பல்கலைக்கழகத்தில் பிளேஸ்டேஷன்களைக் கோர்த்து ஒரு கணிப்புக் கூட்டமே அமைத்தார். அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடம் 2010-இல் 1,760 பிளேஸ்டேஷன் 3-களை இணைத்து, காண்டார் கிளஸ்டர் என்று பெயரிட்டது. குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்று யாராவது கன்சோலை ஒதுக்கிப் பேசும்போதெல்லாம் நான் இந்த எண்ணிக்கையைத்தான் எடுத்துச் சொல்வேன்.

பிறகு வீழ்ச்சி. 2009 செப்டம்பரில் வந்த மெலிந்த மாடலில் இந்த வசதி இல்லை. 2010 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர், லினக்ஸுக்குள்ளிருந்து ஒரு நிரலை ஓடவிட்டுக்கொண்டே மெமரித் தடத்தில் மின்துடிப்பு ஒன்றைச் செலுத்தி, ஹைப்பர்வைசரின் பூட்டைத் திறந்துவிட்டதாக அறிவித்தார். 2010 ஏப்ரல் 1 அன்று 3.21 அப்டேட் வந்தது. பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி, பழைய மாடல்களிலும் லினக்ஸ் வசதியை அது நீக்கியது. அப்டேட் போடாமல் இருக்கலாமே என்றால், ஆன்லைன் ஆட்டம் போய்விடும். புதிய அப்டேட்டைக் கேட்கும் கேம்களும் ஓடாது. ஒரே பெட்டியில் இரண்டு வசதிக்குக் காசு கொடுத்தவரிடம், எது வேண்டும் என்று கேட்டு ஒன்றைப் பறித்துக்கொண்ட செயல் அது. அமெரிக்காவில் வழக்கு நடந்தது. முதலில் தள்ளுபடியாகி, மேல்முறையீட்டில் உயிர்பெற்று, 2018-இல் 37.5 லட்சம் டாலர் சமரச நிதியில் போய் நின்றது. ஆளுக்குக் கிடைத்தது சொற்பம்.

அதே 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழு மேடையேறியது. மென்பொருளுக்கு டிஜிட்டல் கையெழுத்து இடும்போது ஒவ்வொரு முறையும் புதிதாக வர வேண்டிய சீரற்ற எண்ணை சோனி மாற்றாமல் ஒரே எண்ணாக வைத்திருந்தது என்றும், அதிலிருந்து ரகசியச் சாவியையே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம் என்றும் காட்டினார்கள். அன்று அவர்கள் சொன்ன ஒரு வாதம் இந்தக் கேள்விக்கு நேராகப் பொருந்தும். மற்ற கன்சோல்கள் எல்லாம் சீக்கிரமே உடைபட, பிளேஸ்டேஷன் 3 மட்டும் நான்கு ஆண்டு தாக்குப்பிடித்ததற்குக் காரணம், லினக்ஸ் ஓட்ட விரும்பிய திறமைசாலிகளுக்கு அதில் ஏற்கனவே வழி இருந்ததுதான். வழியை அடைத்ததும் அவர்கள் சுவரை இடிக்க வந்தார்கள்.

இதை ஒரு பக்கமாக மட்டும் சொல்லக் கூடாது. ஹாட்ஸின் தாக்குதல் லினக்ஸ் வழியாகத்தான் உள்ளே வந்தது. சோனியின் பயம் கற்பனை இல்லை. என் பார்வையில் பிழை தொடக்கத்திலேயே நடந்துவிட்டது. கதவைத் திறந்துவைத்து, கிராபிக்ஸ் என்ற பாதி வீட்டைப் பூட்டிவைத்தார்கள். அந்தப் பூட்டை ஆராய்வதற்குத் தேவையான எல்லாக் கருவியும் கதவுக்கு இந்தப் பக்கமே இருந்தது. பிளேஸ்டேஷன் 2 கிட்டில் இந்த நெருடல் இல்லை என்பதைப் பொருத்திப் பாருங்கள். கொடுப்பதை முழுதாகக் கொடுத்தால் உடைப்பதற்கான காரணம் பாதியாகக் குறைகிறது.

இப்போது தொழில்நுட்பப் பக்கம். "பேசாமல் விண்டோஸையே போட்டுவிட்டு அதன்மேல் கேமை ஓட்டினால் என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அதற்கு நான் உடன்பட மாட்டேன். நொடிக்கு 60 சட்டகம் காட்ட வேண்டுமென்றால் ஒரு சட்டகத்தை வரைந்து முடிக்க 16.6 மில்லிசெகண்டு இருக்கிறது. 120 என்றால் 8.3 மில்லிசெகண்டுதான். கேம் எழுதுகிறவர் அந்த 16.6-இல் 16-ஐயும் செலவழித்துத் திட்டமிட்டிருப்பார். கன்சோலில் அப்படித் திட்டமிடலாம், ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் அதே பெட்டிதான். அந்த நேரம் பார்த்து டெஸ்க்டாப் தேடலுக்காகத் தன் கோப்புகளை அட்டவணைப்படுத்தவோ, வைரஸ் தேடவோ, பின்னணியில் ஒரு அப்டேட்டைப் பிரிக்கவோ ஆரம்பித்து இரண்டு மில்லிசெகண்டை எடுத்துக்கொண்டால் ஒரு சட்டகம் தவறும். ஆடுகிறவருக்குக் காரணம் தெரியாது. கை நழுவியதுபோல ஒரு உதறல் மட்டும் தெரியும். கன்சோல் வாங்குவதே அந்த உதறல் வேண்டாம் என்பதற்காக.

மெமரிக் கணக்கும் அப்படித்தான். 2013-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் தன் 8 ஜிபியில் 5-ஐ கேமுக்கும் 3-ஐ இயங்குதளத்துக்கும் பிரித்தது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 16-இல் 13.5 கேமுக்கு, 2.5 மட்டுமே இயங்குதளத்துக்கு. ஒரு பிரவுசரும் நான்கு டேபும் திறந்தால் அந்த 2.5 எங்கே போகும் என்று கணினி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். 2025 அக்டோபரில் வந்த ஆர்ஓஜி எக்ஸ்பாக்ஸ் அல்லை என்ற கைக்கருவியில் இருப்பது முழு விண்டோஸ் 11. ஆனால் ஆன் செய்ததும் டெஸ்க்டாப்பைத் தூக்காமல் நேராக எக்ஸ்பாக்ஸ் முழுத்திரைக்குள் போகும்படி மைக்ரோசாஃப்ட் அமைத்தது. அதனால் 2 ஜிபி வரை மெமரி மிச்சமாகும் என்பது அவர்களே சொன்ன கணக்கு. விண்டோஸைச் செய்கிறவர்களே கேமுக்காக விண்டோஸின் டெஸ்க்டாப்பை ஒதுக்கிவைக்கிறார்கள் என்றால், இரண்டையும் ஒன்றாக ஓட்டுவது சரியில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தனிக் கதவு என்று நான் சொல்வதை அன்றாடம் பார்க்க விரும்பினால் ஸ்டீம் டெக்கைப் பாருங்கள். வால்வ் 2022 பிப்ரவரியில் விட்ட கைக்கருவி, உள்ளே ஆர்ச் லினக்ஸை அடித்தளமாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ். பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் ஒரு மெனு வரும். அதில் டெஸ்க்டாப்புக்கு மாறு என்பதைத் தொட்டால் கேம் பக்கம் மூடிக்கொள்ளும், திரை ஒரு கணம் இருண்டு, கேடிஇ பிளாஸ்மா என்ற முழு டெஸ்க்டாப் எழும். திரும்பிப் போக டெஸ்க்டாப்பிலேயே ஒரு ஐகான் இருக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் ஓடுவதில்லை. ஒரு செஷன் முடிந்துதான் இன்னொன்று. ஏழு அங்குலத் திரையில், 1280-க்கு 800 புள்ளிகளில், எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல இருக்கும், அதை வைத்து வேலை செய்ய முடியாது. டாக் என்ற யூஎஸ்பி-சி இணைப்புப் பெட்டியில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றையும் மாட்டினால் அது சாதாரண லினக்ஸ் கணினி. என் லேப்டாப் பழுதுக்குப் போயிருந்த ஒரு மாதம் நான் இதையேதான் வைத்துச் சமாளித்தேன். பகலில் லிபர்ஆஃபிஸில் ஆவணங்கள், பிரவுசரில் மின்னஞ்சல். மாலையில் டாக்கிலிருந்து கேபிளை உருவி, கேம் பக்கத்துக்குத் திரும்பி, நேற்று விட்ட இடத்திலிருந்து ஆட்டம். நான் உட்கார்ந்த இடம்தான் மாறியது, பெட்டி மாறவில்லை.

அதன் உள்கட்டமைப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஸ்டீம்ஓஎஸ்ஸின் அடிப்படைக் கோப்புகள் உள்ள பகுதி எழுத முடியாததாகப் பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பகுதிக்கு இரண்டு பிரதிகள் உண்டு. அப்டேட் வரும்போது இப்போது ஓடாத பிரதியில் எழுதி, அடுத்த முறை ஆன் செய்யும்போது அதற்கு மாறும். புதியதில் கோளாறு என்றால் பழையது அப்படியே காத்திருக்கும். டெஸ்க்டாப்பில் நாம் சேர்க்கும் மென்பொருள்கள், தேவையானதைத் தன்னோடு கட்டிக்கொண்டு வரும் ஃப்ளாட்பேக் என்ற பொட்டல வடிவில் நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் பகுதிக்குள் போகின்றன. அப்டேட் அதைத் தொடாது. அந்தப் பூட்டை நீக்கவும் ஒரே ஒரு கட்டளை போதும், யாரும் தடுப்பதில்லை. ஆனால் பூட்டிய பகுதிக்குள் நாம் திணித்ததை அடுத்த அப்டேட் துடைத்துவிடும். இது தெரியாமல் மென்பொருளைத் தேடித் தவிப்பவர்கள் பலர். பூட்டை நீக்காமல் ஃப்ளாட்பேக்கோடு நின்றுவிடுங்கள் என்பதே புதியவர்களுக்கு என் யோசனை. டெஸ்க்டாப்பில் என்ன குளறுபடி செய்தாலும் கேம் பக்கம் எழுந்துவிடும் என்ற தைரியம் இந்த அமைப்பால்தான் வருகிறது. கன்சோலுக்கு ஏற்ற டெஸ்க்டாப் இப்படித்தான் கட்டப்பட வேண்டும்.

"ஏமாற்று ஆட்டம் பெருகிவிடுமே" என்பது பெரிய ஆட்சேபம், அதில் நியாயமும் இருக்கிறது. பலர் சேர்ந்து ஆடும் கேம்கள் கணினியில் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் வரை இறங்கி ஏமாற்றுக்காரர்களைத் தேடுகின்றன. லினக்ஸில் அந்தப் பிடி கிடைக்கவில்லை என்று சொல்லி ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற ஆன்லைன் கேம் 2024 அக்டோபர் 31 அன்று லினக்ஸ் ஆதரவையே நிறுத்தியது; ஸ்டீம் டெக்கில் அதை ஆடியவர்கள் அன்றோடு வெளியே நின்றார்கள். திறந்த பெட்டிக்கு இது உண்மையான விலை, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கன்சோலில் தனிக் கதவு இருந்தால் இந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. டெஸ்க்டாப் பக்கம் ஆன் செய்யும்போது, கேம்களைத் திறக்கும் சாவியைப் பாதுகாப்புச் சிப் வெளியே விடாமல் வைத்துக்கொண்டால் போதும். கேம் பக்கம் முன்போலவே மூடிய பெட்டி. டெஸ்க்டாப் பக்கத்திலிருந்து அதைத் தொட வழியில்லை.

நடைமுறைக்கு வராத கனவு என்று இதை நினைக்க வேண்டாம். எக்ஸ்பாக்ஸில் 2016 முதல் டெவலப்பர் மோடு இருக்கிறது. டெவலப்பர் கணக்கு எடுத்தால், கடையில் வாங்கிய எந்த எக்ஸ்பாக்ஸையும் அந்த மோடுக்கு மாற்றி சொந்த நிரலை ஏற்றலாம். அந்த மோடில் இருக்கும்வரை கடையில் வாங்கிய கேம்கள் ஓடாது. அவை வேண்டுமென்றால் ரீஸ்டார்ட் செய்து திரும்பி வர வேண்டும். எக்ஸ்பாக்ஸ் ஒன் வெளிவந்து பத்தாண்டு கழித்து, 2024-இல்தான் கெர்னல் அளவிலான ஓட்டை ஒன்று பொதுவெளிக்கு வந்தது. அதுவும் கேம் பகுதிக்கு வெளியே, ஆப்கள் ஓடும் பகுதியில். கதவு இருந்ததால் பெட்டி பலவீனமாகிவிடவில்லை என்பதற்கு இது சான்று. அங்கே குறை என்னவென்றால், உள்ளே போனால் டெஸ்க்டாப் கிடையாது. சொந்த ஆப்பை ஏற்றும் ஒரு பட்டறை மட்டும். சட்டகம் தயாராக நிற்கிறது, ஓவியம்தான் இல்லை.

அப்படியானால் ஏன் கொடுப்பதில்லை? காசு. எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்பனையில் லாபம் இல்லை என்று 2021-இல் கேம் நிறுவனமான எபிக் ஆப்பிள்மீது தொடுத்த வழக்கில் மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் நீதிமன்றத்திலேயே சாட்சி சொன்னார். பெட்டியைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பிறகு விற்கும் ஒவ்வொரு கேமிலும் பங்கு எடுப்பதுதான் இந்தத் தொழிலின் முதுகெலும்பு. விமானப்படை வாங்கிய 1,760 பெட்டிகளை இந்தக் கண்ணால் பாருங்கள்: அவற்றுக்காக ஒரு கேம் டிஸ்க்கூட விற்றிருக்காது. டெஸ்க்டாப்புக்காக மட்டும் கன்சோல் வாங்குகிறவர் அந்த வியாபாரத்துக்கு நஷ்டக் கணக்கு. ஸ்டீம் டெக்கில் வால்வுக்கு இந்தப் பயம் இல்லை, ஏனென்றால் கேம் விற்கும் ஸ்டீம் என்ற அவர்களின் கடையே கணினியில்தான் இருக்கிறது. நீங்கள் டெஸ்க்டாப்புக்குப் போனாலும் அவர்கள் கடைத்தெருவிலேயே நடக்கிறீர்கள். 2025 நவம்பரில் அறிவித்த ஸ்டீம் மெஷினும் அதே வகை, டிவிக்குக் கீழே வைக்கும் பெட்டி, உள்ளே அதே டெஸ்க்டாப். விலை மட்டும் கன்சோல் போல அடக்கத்துக்குக் கீழே இருக்காது, கணினி விலையை ஒட்டியே இருக்கும் என்று அவர்கள் தரப்பில் அப்போதே சொல்லிவிட்டார்கள். அது நேர்மையான பேச்சு.

என்னைக் கேட்டால், மற்றவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, அதைச் சோனியே 2002-இல் காட்டியது: டெஸ்க்டாப்பைத் தனி விலைக்கு விற்கலாம். பெட்டியில் கொடுத்த தள்ளுபடியை அந்த விலையில் மீட்டுக்கொள்ளுங்கள். வேண்டியவர் காசு கொடுத்து வாங்கட்டும், வேண்டாதவர் கேம் ஆடட்டும். ஆனால் வாங்கியவருக்குக் கிராபிக்ஸ் சிப் உட்பட முழு வன்பொருளும் திறந்திருக்க வேண்டும். கேம் பக்கத்து அப்டேட்டும் டெஸ்க்டாப் பக்கத்து அப்டேட்டும் தனித்தனி ஆறாக ஓட வேண்டும், ஒன்றுக்குப் போட்டது மற்றொன்றை அணைக்கக் கூடாது. இந்த உறுதி விளம்பர வாசகமாக இல்லாமல் விற்பனை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். 2010-இல் ஏமாந்தவர்கள் நீதிமன்றத்தில் எட்டு ஆண்டு அலைந்ததற்குக் காரணம், அன்று வாங்கியது வசதியா சலுகையா என்று எழுத்தில் தெளிவில்லாமல் இருந்ததுதான்.

இன்னொரு காரணத்துக்காகவும் இதை நான் விடாமல் பேசுகிறேன். நின்டெண்டோ 2023 மார்ச்சில் வீ யூ, 3டிஎஸ் இரண்டின் கடைகளை மூடியது. 2024 ஏப்ரலில் ஆன்லைன் சேவையையும் நிறுத்தியது. ஒரு நிறுவனம் காலம் முழுக்கச் சேவை நடத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் கேம் பக்கம் ஓய்ந்த பிறகும் உள்ளே இருக்கும் ப்ராசஸர் நல்ல ப்ராசஸர்தான். எட்டு கோர், 16 ஜிபி உள்ள ஒரு பெட்டி பத்து வருடம் கழித்தும் ஒரு பள்ளிப் பிள்ளை பைத்தான் கற்கவும், ஒரு பெரியவர் கடிதம் எழுதவும் தாராளமாகப் போதும். பூட்டிய நிலையில் அது மின்கழிவு. ஆதரவை நிறுத்தும் நாளிலாவது டெஸ்க்டாப் கதவின் சாவியை இலவசமாக வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அன்று காக்க வேண்டிய வியாபாரம் ஒன்றும் மிச்சமிருக்காது.

அடுத்த தலைமுறை எப்படி இருக்கும்? 2025 ஜூனில் ஏஎம்டியோடு சேர்ந்து அடுத்த எக்ஸ்பாக்ஸ் செய்வதாக அறிவித்தபோது, ஒரே கடைக்குள் அடைபடாத அனுபவம் என்று மைக்ரோசாஃப்ட் பேசியது. அந்தப் பேச்சு செயலில் டெஸ்க்டாப்பாக வந்தால் மகிழ்வேன். சோனி, நின்டெண்டோ பக்கம் அப்படி ஒரு அசைவும் எனக்குத் தெரியவில்லை.

கேட்டவருக்கு உடனடித் தேவை இருந்தால், இன்றைய பிளேஸ்டேஷனையோ சுவிட்சையோ கணினியாக்கும் எண்ணத்தோடு வாங்காதீர்கள். ஓட்டை வழியாக லினக்ஸ் ஏற்றிக் காட்டும் வீடியோக்கள் வரும். அந்த ஓட்டை கன்சோலின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரின் குறிப்பிட்ட பதிப்பில் மட்டுமே இருக்கும். அப்டேட் போட்டால் அடைந்துவிடும், போடாவிட்டால் ஆன்லைன் இல்லை. 2010-இன் அதே இக்கட்டுக்குள் நீங்களே போய் உட்காருவீர்கள். எக்ஸ்பாக்ஸில் எட்ஜ் பிரவுசர் உண்டு, கீபோர்டு மாட்டலாம். இணையத்திலேயே எழுதும் ஆவண வேலைக்கு அதுவே போதும் என்றால் செலவில்லாமல் முடிந்தது. முழு டெஸ்க்டாப்தான் வேண்டுமென்றால் ஸ்டீம்ஓஎஸ் உள்ள கருவியைப் பாருங்கள். வாங்கிய முதல் வாரமே டாக், மானிட்டர், கீபோர்டு எல்லாம் மாட்டி, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள்களை நிறுவி, ஒரு சிஸ்டம் அப்டேட்டும் போட்டுப் பாருங்கள். கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கின்றனவா, ஆன்லைனில் ஆடும் உங்கள் கேம் திறக்கிறதா என்று சோதியுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.